மூட்டம் மலையிலா, லென்ஸிலா?
காமிரா கேள்வி-பதில்: நீலகிரி வாசகர்களுக்காக

கேள்வி (குன்னூர் வாசகர்): கடன் வாங்கிப் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். நண்பரிடமும் அதே லென்ஸ்தான். அவர் படத்தில் நீலகிரி ஈப்பிடிப்பானின் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம். என் படத்தில் அது பறவை என்று நான் சொன்னால்தான் தெரியும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், இது எப்படி?

பதில்: மாடல் ஒன்றுதான், லென்ஸ் வேறு. நிக்கானின் 200-500 ஜூமை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 19 கண்ணாடிகள், 12 தொகுதிகளாக. வளையத்தைத் திருப்பும்போது அவற்றில் சில நகர வேண்டும். நகர்ந்தாலும் எல்லாவற்றின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஏதோ ஒரு பக்கம் மங்கிவிடும். இதைத்தான் டீசென்டரிங் என்கிறார்கள். தொழிற்சாலையில் 'இவ்வளவு வரை விலகலாம்' என்று ஒரு வரம்பு வைத்துத்தான் பாஸ் போடுகிறார்கள். நண்பருடையது அந்த வரம்பின் நடுவில் பாஸானது, உங்களுடையது ஓரத்தில் பாஸாகியிருக்கலாம். அமெரிக்காவில் லென்ஸ்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே மாடலில் பல லென்ஸ்களை அடுக்கிவைத்துச் சோதித்து முடிவுகளை வெளியிட்டவர். ஒற்றைக் குவியதூர லென்ஸ்களைவிட ஜூம்களில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம் என்பது அவர் திரும்பத் திரும்பக் கண்டது. அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் படியேறாதீர்கள். சோதித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (கோத்தகிரி வாசகி): சோதிக்க விலை உயர்ந்த சார்ட் வேண்டுமாமே?

பதில்: வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்மலையில் ஒரு மின்கோபுரமோ தேயிலை ஃபாக்டரியின் புகைபோக்கியோ தெரியுமில்லையா? அதுவே சார்ட். காமிராவை ட்ரைபாடில் வையுங்கள். ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். கோபுரத்தை நடுவில் வைத்து லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இனி வளையத்தைத் தொடாமல் காமிராவை மட்டும் திருப்பி, அதே கோபுரம் நான்கு மூலைகளிலும் ஒருமுறை விழும்படி எடுங்கள். அகலமான முனை, நடு, டெலி முனை மூன்றிலும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் அபர்ச்சர் முழுதும் திறந்து ஒரு தடவை, எஃப் 8-ல் ஒரு தடவை.

நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த மாடலின் சுபாவம். யாரிடம் சொல்லியும் பயனில்லை. மூன்று மூலை பளிச்சென்றும் ஒன்று மட்டும் குழம்பியும் இருந்தால் அது கோளாறு. அந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி. வாங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள்.

கேள்வி (லவ்டேல் வாசகர்): சோதித்துவிட்டேன். நூறு அடிக்குள் எல்லாம் ஷார்ப். எதிர்மலை மட்டும் நீரில் கரைந்ததுபோல வருகிறது. லென்ஸைத் திருப்பி அனுப்பட்டுமா?

பதில்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? பதினோரு மணிக்கு மேலென்றால் லென்ஸ் நிரபராதி. வெயில் பட்ட சரிவிலிருந்து சூடான காற்று எழும்பி அலையும். 500, 600 மில்லிமீட்டரில் அந்த அலையைத்தான் நீங்கள் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் முன்னால் மலிவான யூ.வி. ஃபில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை எடுங்கள். நல்ல ஜூமையும் மோசமான ஃபில்டர் கெடுத்துவிடும்.

கேள்வி (கேத்தி வாசகர்): டி.எஸ்.எல்.ஆர். வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் சாஃப்ட், லைவ் வியூவில் எடுத்தால் ஷார்ப். பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: பிடிக்க வேண்டாம், நல்ல செய்தி. உங்கள் கண்ணாடிகளில் குறையில்லை. ஆட்டோ ஃபோகஸ்தான் இலக்குக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கிறது. காமிரா மெனுவில் ஃபைன் ட்யூன் இருந்தால் முயலுங்கள். ஜூமில் இரு முனைக்கும் வேறுவேறு திருத்தம் தேவைப்பட்டால், காமிராவையும் லென்ஸையும் சேர்த்தே அனுப்புங்கள். லென்ஸை மட்டும் அனுப்பினால் அவர்கள் தங்கள் காமிராவில் மாட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று திருப்பிவிடுவார்கள்.

கேள்வி (ஊட்டி வாசகர்): தப்பு எங்களுடையது என்று எந்தப் பெரிய கம்பெனியாவது ஒப்புக்கொண்டதுண்டா?

பதில்: உண்டு. 2005-ல் கேனன் 24-105 ஜூமை வெளியிட்ட சில வாரங்களில், முதல் தொகுதி லென்ஸ்களில் பலமான ஒளி விழுந்தால் படத்தில் ஒளிக்கீற்று படிகிறது என்று அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண்ணுக்கு உட்பட்டவற்றை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. நான் மேலே சொன்ன நிக்கான் 200-500-க்கும், அது வந்த 2015-லேயே ஆட்டோ ஃபோகஸ் கோளாறைத் திருத்தும் ஃபர்ம்வேர் வந்தது. பெரிய பெயர் என்பதால் குறையே இராது என்று நம்பவும் வேண்டாம், குறை சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று ஒதுங்கவும் வேண்டாம். லென்ஸின் வரிசை எண்ணை இன்றே குறித்துவையுங்கள்.

கேள்வி (கூடலூர் வாசகி): லென்ஸுக்குள் ஏதோ படர்ந்திருக்கிறது. வாங்கிப் பதினோரு மாதம்தான். வாரன்டி உண்டுதானே?

பதில்: மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, அபர்ச்சரைத் திறந்து, முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் தூசி. நீளும் ஜூம் ஒவ்வொரு முறையும் காற்றை இழுத்து விடுவதால் தூசி நுழையத்தான் செய்யும். படத்தில் தெரியாது, விட்டுவிடுங்கள். கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்திவலைபோல வெள்ளை இழைகள் கிளைத்து உள்நோக்கி வந்தால் அது பூஞ்சை. பெரும்பாலான வாரன்டி அட்டைகள் ஈரத்தாலும் பூஞ்சையாலும் வரும் சேதத்தைக் கழற்றிவிட்டிருக்கும். நம் ஊருக்கு இது பெரிய அநியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் நடுவட்டத்தையும் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அது ஓய்ந்ததும் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி பக்கம் வந்துவிடும். மலையில் லென்ஸ் வாங்குகிறவருக்கு விற்கும்போதே இதைச் சொல்ல வேண்டாமா?

சொல்லாததால் நான் சொல்கிறேன். தோல் உறைக்குள்ளும் துணி பீரோவுக்குள்ளும் லென்ஸைப் பூட்டாதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட் வாங்குங்கள். முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடுங்கள். பூஞ்சை பிடித்ததை உடனே சுத்தம் செய்யக் கொடுங்கள். விட்டுவைத்தால் கண்ணாடியின் கோட்டிங்கையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

இன்னொன்று. ஊட்டிக் குளிரில் இருந்த லென்ஸை மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெளியே எடுத்தால் நொடியில் வியர்க்கும். பையை மூடியே வைத்திருங்கள், அது ஊர்ச் சூட்டுக்கு வரட்டும்.

கேள்வி (அருவங்காடு வாசகர்): கடைக்காரர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டைக் காட்டுகிறார்.

பதில்: நீங்கள் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லையென்றால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அது. பில் தராததும் அப்படியே. போர்டு சட்டத்துக்கு மேலே இல்லை. மனம் மாறித் திருப்புவது வேறு, குறையால் திருப்புவது வேறு. அந்த வித்தியாசத்தை உங்கள் நான்கு மூலைப் படங்கள் காட்டும்.

கேள்வி (குந்தா வாசகர்): வாங்கியது சென்னையில். வழக்கென்றால் அங்கே அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் அந்தத் தொல்லை இருந்தது. புதிய சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு உதகையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

கேள்வி (வெலிங்டன் வாசகர்): வெளிநாட்டிலிருந்து வந்த 'கிரே' லென்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: இந்திய வாரன்டி இல்லாமல் இருக்க முடியுமென்றால் வாங்குங்கள். ஜூமுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி (இந்து நகர் வாசகர்): தரக்கட்டுப்பாடு பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, எங்கள் ஊர் ஃபிலிம் தொழிற்சாலை நினைவிருக்கிறதா?

பதில்: மறக்க முடியுமா? ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசி குறைந்த, குளிர்ந்த காற்றுக்காகத்தான் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒளி படக்கூடாத பொருள் ஆயிற்றே, இருட்டிலேயே நின்று வேலை செய்த கைகள் அவை. ஒரு துகள் ஒட்டினால் எக்ஸ்ரே ஃபிலிமில் அது நோயாகத் தெரியும் என்ற பொறுப்போடு செய்த வேலை. டிஜிட்டல் வந்தது, ஆலை நலிந்தது, மூடியும் விட்டார்கள். நாட்டுக்கே ஃபிலிம் கொடுத்த மலை, இன்று ஒரு லென்ஸைச் சரிபார்க்கக் கோவைக்கும் சென்னைக்கும் பார்சல் கட்டுகிறது. காமிரா கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மே மாத மலர்க்காட்சி சீசனுக்கு முன்னும் மழை ஓய்ந்த பின்னும் ஊட்டியில் ஒரு சர்வீஸ் முகாம் போடுங்கள். வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): கூரியரில் அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பேக் செய்யுமுன் லென்ஸை நாலா பக்கமும், வரிசை எண் தெரிய, படம் எடுங்கள். 'படம் சரியில்லை' என்று எழுதாதீர்கள். '400-க்கு மேல், இடது கீழ் மூலை மங்கல், எஃப் 8-லும் மாறவில்லை' என்று எழுதி மாதிரிப் படங்களை வையுங்கள். ஜாப் ஷீட்டில் அதே வாசகம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்ததும் அதே கோபுரத்தை அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். பில் வெப்பத்தாளில் அச்சானதாக இருந்தால் எழுத்து நாளடைவில் மறைந்துவிடும், இன்றே நகல் எடுத்துவையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கெடு இரண்டு வருடம், அதுவரை பில் படிக்கும்படி இருக்க வேண்டும்.