பட்டிப்பொல வட்டத் தகடும் தொடராக்கக் கோட்பாடும்: ஓர் ஆய்வு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். இந்தப் பெருமையை எல்லாரும் சொல்லிவிட்டதால் ஆய்வாளருக்கு அங்கே வேலை மிச்சமில்லை. அறிஞர் உலகம் கவனிக்காமல் விட்டது வேறொன்று. தரவை எப்படிக் கட்டி அனுப்புவது, அதற்கான லைப்ரரியை எப்படிப் பொதியாக்கி வெளியிடுவது என்று ஹாஸ்கெல் என்ற சார்புமுறை நிரல்மொழிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விக்கு, அந்த நிலைய அதிபர் கோச்சிச் சாரதியிடம் நீட்டும் வளையத்தில், ஒரு வட்டத் தகடாக, விடை தொங்குகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரையறை. நிரலுக்குள் கிளைவிட்டு நிற்கும் தரவை ஒற்றை வரிசைப் பைட்டுகளாக்கி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பழையபடி எழுப்புவது தொடராக்கம். சார்புமுறை நிரலாக்கத்தார் இதற்கு இரண்டு விதிகள் வைத்திருக்கிறார்கள். கட்டியதை அவிழ்த்தால் கட்டுமுன் இருந்ததே வர வேண்டும். அவிழ்க்க முடியாவிட்டால், முடியவில்லை என்பதையும் ஒரு மதிப்பாகவே திருப்பித் தர வேண்டும். நிரல் பாதிவழியில் விழுந்து சாகக் கூடாது. மலையகத்தில் கட்டி அனுப்பும் பொருள் தேயிலைதானே, அதை விட்டுத் தகட்டை ஏன் தேடிப் போக வேண்டும் என்று கேட்கலாம். கொழும்பில் மூட்டையைப் பிரித்தால் தூள்தான் வரும், கொழுந்து வராது. முதல் விதியிலேயே தோற்றதால் தேயிலை இவ்வாய்விலிருந்து விலக்கப்படுகிறது.

பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் இடையே இருப்பது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு கோச்சிகள் புகுந்தால் என்னவாகும் என்பதை 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் ஊர் காட்டியது. கோச்சியை அனுப்பச் சொல்லும் தந்தி, அதிகாரி கையெழுத்திடும் முன்பே போய்விட்டது. நேருக்கு நேர் மோதியதில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிரலாளர் மொழியில் சொன்னால், வகை சோதிக்கப்படாத வெறும் எழுத்துச் சரத்தை நம்பியதன் பலன். இதன் பின்னர் 1878இல் எட்வர்ட் டயர் மின்சாரத்தால் பிணைந்த ஒரு சோடிக் கருவிகளை உருவாக்கினார். பட்டிப்பொலவில் இருப்பதும் இந்த முறையே: இரு நிலையங்களும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு தகடு வெளியே வரும். அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்த தகடு வராது. தகட்டில் பிரிவின் பெயர் பொறித்திருக்கும்; பிரிவுக்கு ஏற்ப அதன் வெட்டும் மாறும். தோல் பையில் இட்டு வளையத்தோடு கொடுப்பார்கள். சாரதி பெயரைப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். பட்டிப்பொலவின் மறுபுறமுள்ள அம்பேவெலப் பக்கத்துத் தகட்டைக் கொண்டுவந்து ஒஹியாப் பக்கத்துக் கருவியில் திணித்தால், வெட்டு வேறு என்பதால் கருவி அதை ஏற்காது. யாரும் சாகாமல் பிழை ஒரு மதிப்பாகத் திரும்பிவிட்டது.

பொதியாக்கத்தின் நுட்பம் அந்தச் சோடியில்தான் இருக்கிறது. டயர், தகட்டைக் கொடுக்கும் கருவியை ஒருவருக்கும் வாங்கும் கருவியை இன்னொருவருக்குமாக விற்கவில்லை. வெட்டை மாற்றுவதென்றால் இரு முனையிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹாஸ்கெலின் பைனரி லைப்ரரி இந்த ஞானத்தைக் கடைப்பிடிக்கிறது: எழுதும் சார்பும் வாசிக்கும் சார்பும் அங்கே ஒரே வகுப்புக்குள் குடியிருக்கின்றன. ஜேசன் வடிவத்துக்கான ஏசன் லைப்ரரியோ இரண்டையும் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்தது. ஆகவே ஒருவர் எழுதும் பகுதியை மட்டும் பொதியில் வைத்து வெளியிட முடிகிறது. வாசிக்கும் பகுதியை வேறொருவர் வேறொரு பொதியில் எழுதுவார். முதல் பொதி அடுத்த பதிப்பில் ஒரு புலத்தின் பெயரை மாற்றும். இரண்டும் தனித்தனியே பிழையின்றித் தொகுக்கப்படும். ஓடும்போதுதான் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

தகடு தரவு எதையும் சுமக்கவில்லையே என்பது முதல் மறுப்பு. சுமக்கிறது: எந்தப் பிரிவு, அதில் போகும் உரிமை யாரிடம் என்பதை. வேண்டியதற்கு மேல் ஒரு பிட்டும் இல்லாத வடிவத்தைக் குறை சொல்வது வீண். வாசிப்பு மட்டுமே தேவைப்படுவோரும் உண்டு, அடுத்தவர் தரும் ஜேசனுக்குத் தாம் எப்படி எழுதும் பகுதி வைப்பது என்பது இரண்டாம் மறுப்பு. இது நியாயம், ஏசன் பிரிந்திருப்பதன் காரணமும் இதுவே. ஆனால் வடிவம் தமதாக இருக்கும்போது இந்தச் சலுகையைக் கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. பைட்டைப் பிரதியெடுக்கலாம், தகட்டைப் பிரதியெடுக்க முடியாதே என்பது மூன்றாம் மறுப்பு. அந்தக் குறை பைட்டுடையது. ஒரு மதிப்பைச் சரியாக ஒரே தடவை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் நேரியல் வகைகள் ஹாஸ்கெலின் ஜிஎச்சி தொகுப்பிக்கு 2021இல்தான் வந்தன; டயர் 143 ஆண்டுகள் முந்திவிட்டார்.

எனவே இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. சொந்த வடிவத்துக்குத் தொடராக்க லைப்ரரி வெளியிடுவோர், கட்டும் சார்பையும் அவிழ்க்கும் சார்பையும் ஒரே பொதியில், ஒரே பதிப்பு எண்ணில், கட்டி அவிழ்த்துப் பார்க்கும் சோதனையோடு வைக்க வேண்டும். எழுதும் பாதியை மட்டும் வெளியிட்டுவிட்டு வாசிப்பதைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள் என்போருக்கு ஒற்றைப் பாதையில் கோச்சி அனுப்பும் பொறுப்பைத் தரலாகாது.