விருதுக் குழுவினருக்குத் தத்துக் கிராமத்தான் விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், தத்தெடுக்கப்பட்ட கிராமம்.

பெறுநர்: தலைவரும் உறுப்பினர்களும், சமூக ஈடுபாட்டு விருதுத் தேர்வுக் குழு, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: சமூகத் தொண்டுக்காக மாணவர்களையும் பேராசிரியர்களையும் கௌரவித்தல் – தொண்டுக்கு ஆளான கிராமத்தின் வந்தனமும் சில விக்ஞாபனங்களும் – சம்பந்தமாக.

மகாகனம் பொருந்திய ஐயன்மீர், அம்மையீர்,

சென்ற மாதம் தங்கள் பட்டமளிப்பு மண்டபத்தில் நடந்தேறிய விருது விழாவுக்கு எங்கள் கிராமத்தாரையும் பஸ் அனுப்பி வரவழைத்து, ‘பயனாளி’ என்று அச்சிட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டி, பின்வரிசையில் உட்காரவைத்து, கைதட்ட வேண்டிய சந்தர்ப்பங்களை முன்கூட்டியே தெரிவித்து, திரும்பும்போது தயிர்சாதப் பொட்டலமும் கொடுத்தனுப்பிய தங்கள் தாராள சிந்தைக்கு முதற்கண் எங்கள் ஊரின் சார்பில் வந்தனம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சிறந்த தொண்டருக்கும், சிறந்த திட்ட அலுவலருக்கும், சிறந்த கல்லூரிக்கும், சிறந்த அறிக்கைக்குங்கூட அன்று பரிசுகள் வழங்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டோம். ஆயினும் ஓர் அம்சம் தங்கள் சூட்சும புத்திக்கு எட்டாமற் போயிற்றோ என்ற சம்சயத்தினால் இதை எழுதத் துணிந்தேன். தொண்டு என்பது செய்பவரால் மட்டும் நிறைவேறுகிற காரியமன்று; அதை ஏற்றுக்கொள்ள உடன்படுகிற ஒருவரும் அதற்கு வேண்டும். பெருக்குவதற்குக் குப்பை, கணக்கெடுப்பதற்குக் குடும்பம், விழிப்புணர்வு ஊட்டுவதற்கு விழிப்பில்லாதவர் என்று தேவையான மூலப்பொருள்கள் அனைத்தையும் வருஷந்தோறும் குறைவின்றிச் சேகரித்து வைத்துக் கொடுக்கும் எங்கள் கிராமத்தின் பெயர் தங்கள் பட்டியலில் எந்த மூலையிலும் காணப்படவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் பூர்வோத்தரங்களை அறியாமல் நான் பேசவில்லை. 1948-இல் அமைந்த, டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமை தாங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்களும் ஆசிரியர்களும் தாமாக விரும்பித் தேச சேவையில் ஈடுபட வேண்டுமென்று யோசனை கூறியதும், 1959-இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் ஆராய்ந்தவர்கள் அந்தச் சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று கருதியதும், பிற தேசங்களின் அனுபவத்தை அலசிப் பார்த்த கே. ஜி. சையதைன், கட்டாயம் வேண்டாம், மனமுவந்து வருகிறவர்கள் வந்தால் போதும் என்று 1960-இல் அபிப்பிராயம் தெரிவித்ததும், முடிவில் காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி மந்திரி வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு இத்திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் சரித்திரம். கோனார்க் ரதத்தின் சக்கரத்தைச் சின்னமாக அணிந்து, வருஷத்துக்கு 120 மணி நேரமாக இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் உழைத்து, ஏழு நாள் கிராமத்தில் முகாமிட்டுத் தங்க வேண்டும் என்பது விதி. கட்டாயமா, விருப்பமா என்று பத்தாண்டுக்கு மேலாக விவாதித்த அந்தப் பெரியோர்கள், விருதுக்காகவும் ஒருவர் வரக்கூடும் என்ற மூன்றாவது மார்க்கத்தைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. திட்டத்தின் வெள்ளி விழாவையொட்டி 1993-94-இல் தேசிய விருதுகள் ஏற்பட்டு அந்தக் குறையும் நீங்கிற்று.

இனி எங்கள் ஊரின் தகுதிகளைச் சமர்ப்பிக்கிறேன். 2014-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய உன்னத் பாரத் அபியானில் சேருகிற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைந்தபட்சம் ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பஸ் வசதியும் நிழலும் உள்ள கிராமங்கள் இப்பக்கத்தில் சொற்பமாகையால், நான்கு கல்லூரிகள் எங்களையே தத்தெடுத்திருக்கின்றன. நான்கு தகப்பன்மார் வாய்த்தும் குழாயில் தண்ணீர் வருவது இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் என்றாலும், எங்களுக்குக் கிட்டிய பயிற்சி சாமானியமானதன்று. கையில் படிவத்தோடு மாணவர்கள் தெருமுனையில் தென்பட்ட மாத்திரத்தில், குடும்ப அட்டையின் வகை, கழிப்பறை உண்டா இல்லையா, கறவை மாடுகள் எத்தனை என்று அவர்கள் கேட்கும் வரிசையிலேயே எங்கள் பெண்டுகள் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கீழத்தெருப் பாட்டி ஒருத்தி, கண் பரிசோதனை முகாம்களில் புகைப்படத்துக்கு நின்று நின்று, எந்தப் பக்கம் திரும்பினால் முகம் தெளிவாக விழும் என்று படமெடுக்கும் பையனுக்கே சொல்லிக் கொடுக்கிறாள். மூக்குக் கண்ணாடி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

புகைப்படம் என்றதும் அதன் மகிமையைச் சொல்லாமல் மேலே செல்வது நன்றி கொன்ற செயலாகும். கல்லூரிகளை எடைபோடும் நாக் குழுவின் கையேட்டில், விரிவாக்கப் பணிகளுக்காக ஐந்தாண்டுகளில் அரசிடமிருந்தும் அரசு அங்கீகரித்த அமைப்புகளிடமிருந்தும் பெற்ற விருதுகளின் எண்ணிக்கையைக் கேட்கும் ஓர் இனம் உண்டு என்றும், செய்த பணிக்குச் சாட்சியாக ஜியோடேக் போட்ட படங்கள் அவசியம் என்றும் முகாமுக்கு வந்த பேராசிரியர்களே எனக்கு விளக்கினார்கள். ஆகவே துடைப்பம் தரையைத் தொடுமுன் கைபேசி உயர்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை சகிதமாக எங்கள் சாக்கடை பூகோளத்தில் எவ்விடத்தில் ஓடுகிறது என்பது தேசத்துக்கே தெரிந்துவிட்டது. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இன்னும் ஒருவருக்கும் தெரியவில்லை. தங்களிடமிருந்து பெறும் பட்டயமோ, கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஏறுகிற தொகையைப்போல், கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் கணக்கில் பதிவாகி, அடுத்த விசேஷத்துக்கு உதவுகிறது.

இவ்வளவு சிறப்பாக நடந்துவரும் ஏற்பாட்டில் ஓர் அபசுரம் நேர்ந்ததையும், அதைத் தங்கள் குழு எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தது என்பதையும் இனிச் சொல்ல வேண்டும். முகாமுக்கு வந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பிறர் எல்லாரும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் பேனர் கட்டிக்கொண்டிருக்கையில், அந்தத் தொட்டியின் தூணில் ‘சுத்தம் செய்த நாள்’ என்று எழுதிய கட்டம் காலியாக இருப்பதைப் படித்துவிட்டாள். பேனர் சற்றே அகலமாக இருந்திருந்தால் கட்டம் மறைந்து விபரீதம் தவிர்ந்திருக்கும். அவள் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒன்றை வாங்கி ஒட்டி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தொட்டி கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது, அதற்கென்று எழுதப்பட்ட செலவு எவ்வளவு என்று விண்ணப்பம் போட்டாள். முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறதென்று எங்களுக்கும் படித்துக் காட்டினாள்.

அவ்வளவோடு நின்றாளா? முகாம் நாட்களுக்கு நடுவில் ஜனவரி 26 வந்தது. கிராம சபை கூடிற்று. தான் இவ்வூர் வாக்காளர் அல்லாததால் சபையில் பேச உரிமை இல்லை என்பதை அறிந்திருந்த அந்தப் பெண், உரிமையுள்ள எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் மௌனமாக உட்கார்ந்துகொண்டாள். அவளுடன் வந்த திட்ட அலுவலராகிய பேராசிரியர், மேடையில் தமக்காகப் போட்டிருந்த நாற்காலியை விட்டிறங்கி, எங்களோடு தரையில் அமர்ந்தார். வழக்கமாகக் கையெழுத்து வைத்துவிட்டு வீடு திரும்பும் எங்கள் பெண்கள், அன்று தீர்மானப் புத்தகத்தில் தங்கள் கேள்வி எழுதப்படும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமே தொட்டி கழுவப்பட்டது. கட்டத்தில் தேதியும் ஏறிற்று.

இதன் பலன் என்ன? மாணவியிடம் கல்லூரி நிர்வாகம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டது. பேராசிரியர், பணிச்சுமையை உத்தேசித்துத் திட்ட அலுவலர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதே தொட்டியடியில் பேனர் பிடித்த குழுவுக்கு ‘நீர் விழிப்புணர்வுச் செம்மல்’ விருது கிடைத்தது. கைதட்ட வேண்டிய சந்தர்ப்பம் அதுவும் ஒன்று என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தபடியால் தட்டினோம்.

இந்தத் தீர்ப்பின் தத்துவத்தை நான் ஆழ்ந்து சிந்தித்தேன். குப்பையைப் பெருக்குவது தொண்டு. குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று கேட்பது தொந்தரவு. வாக்கு விஷயமும் அப்படித்தான். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த அரசியல் சட்டத் திருத்தம் 1989-இல் அமலுக்கு வந்தது. 2011 முதல் ஜனவரி 25-ஆம் தேதி தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று தங்கள் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கைநீட்டி உறுதிமொழி ஏற்கிறார்கள். அதே கல்லூரிகளில் மாணவர் பேரவைக்கு வாக்குச்சீட்டால் தேர்தல் நடத்துவது பற்றி லிங்டோ குழு யோசனை கூறி, உச்ச நீதிமன்றமும் அதை 2006-இல் ஏற்று உத்தரவிட்டதே, என்ன ஆயிற்று என்று உறுதிமொழி முடிந்த கையோடு ஒரு மாணவன் கேட்டுவிட்டால், அவனுக்கு எந்தப் பிரிவில் விருது தருவீர்கள்? வாக்கின் பெருமையைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைக்கலாம். வாக்குப் பெட்டியை வைப்பதுதான் ஒழுங்குக்குப் பங்கம் என்ற தங்கள் விவேகம் எங்களுக்கு மெதுவாகத்தான் விளங்குகிறது.

சரித்திரம் இவ்விஷயத்தில் தங்களுக்குச் சற்றுச் சங்கடம் தருவதாக இருப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரனுக்குச் சிதம்பரத்தில் சிலை இருக்கிறது. அவர் எந்த விருதுக்கும் படிவம் பூர்த்தி செய்தவரல்லர். 2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கியபோது சோற்றுப் பொட்டலமும் பாய் தலையணையும் சுமந்து இடுப்பளவு நீரில் நடந்த பிள்ளைகளும், அது எத்தனை மணி நேரமாகக் கணக்கில் சேரும் என்று கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. கணக்கு வைத்துக்கொள்ளாதவர்களைக் கௌரவிப்பதற்குத் தங்கள் அலுவலகத்தில் படிவம் இல்லை என்பது நியாயமான சமாதானமே.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்தக் கிழவனுக்கு மாணவர்கள்மேல் துவேஷம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஏழு நாள் படுத்து, கொசுக்கடி பொறுத்து, மாலையில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, புறப்படும் நாளில் அழுதுகொண்டே பஸ் ஏறுகிற பிள்ளைகள் தங்கமானவர்கள். தன் பாடத்தையும் நடத்தி, முகாமுக்கு மளிகையும் வாங்கி, ரசீதுகளை ஒட்டி, தொகை வந்து சேரும்வரை கைப்பணம் போட்டுச் சமாளிக்கிற திட்ட அலுவலர்களின் சிரமமும் எனக்குத் தெரியும். மனிதர்களிடத்தில் கோளாறு இல்லை; எதை அளப்பது என்று தாங்கள் வகுத்த அளவையில் இருக்கிறது. பேனரை அளந்தால் பேனர் வளரும். கேள்வியை அளந்திருந்தால் இத்தனை வருஷத்தில் எங்கள் கிராம சபை வளர்ந்திருக்கும்.

ஆகையால் அடுத்த வருஷத்து விருதுக்கு அடியேன் மூன்று சீர்திருத்தங்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, விண்ணப்பப் படிவத்தில் ‘இத்தொண்டினால் எந்த அதிகாரிக்கு, எவ்வளவு அசௌகரியம் நேர்ந்தது?’ என்றொரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். அங்கே ‘இல்லை’ என்று எழுதுகிறவர்களின் விண்ணப்பத்தைத் தனியாக எடுத்துவைத்து, அழகிய கையெழுத்துக்கான பரிசுக்குப் பரிசீலிக்கலாம். இரண்டாவது, விருது பெறுவோர் மேடையேறுமுன், தாம் தொண்டு செய்த ஊருக்கு மறுவருஷம் முகாம் இல்லாத ஒரு நாளில், பேனர் இல்லாமல், சொந்தச் செலவில் ஒரு முறை வந்து போனதற்கு ஊராரிடம் கையொப்பம் பெற்று வர வேண்டும். இந்த விதி விருதுக் குழுவினருக்கும் பொருந்துவது விசேஷம். மூன்றாவது, விருதாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தொண்டுக்கு ஆளானவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். கீழத்தெருப் பாட்டி இதற்குச் சம்மதம் தெரிவித்திருக்கிறாள். படங்களை வைத்து ஆளை அடையாளம் காண அவளுக்குக் கண்ணாடி தேவைப்படும். அதைத் தாங்கள் பயணப்படியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவை மூன்றும் நிறைவேறக் காலதாமதமாகும் என்றால், ஒன்றையாவது உடனே செய்யும்படி பிரார்த்திக்கிறேன். அந்த மாணவியிடம் கேட்ட விளக்கத்தை ரத்து செய்யுங்கள்; அந்தப் பேராசிரியரைத் திரும்ப எங்கள் ஊருக்கு அனுப்புங்கள். அவர்களுக்குப் பட்டயமோ பொன்னாடையோ வேண்டியதில்லை. அடுத்த கிராம சபை அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த தினத்தில் கூடுகிறது. சாக்கடை எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை இந்தத் தடவை எங்கள் பெண்களே எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். தங்களுக்கும் இதுவே அழைப்பாகட்டும். தரையில் உட்கார இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நான்கு கல்லூரிகளின் ஒரே தத்துப்பிள்ளையாகிய கிராமத்தின் வாக்காளன்.