கிழக்கு, மேற்கு, பேபி ஜேன்

டெல்லி கிட்வாய் நகருக்குப் பிள்ளைகள் இரண்டு: கிழக்கு, மேற்கு. நடுவே அரவிந்தோ மார்க். இரண்டுக்கும் விடுதலைப் போராட்ட வீரர் ரஃபி அகமது கிட்வாயின் பெயர்தான், ஆனால் ஜாதகம் வேறு. கிழக்கில் பழைய அரசுக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு, 86 ஏக்கரில் 4,600-க்கும் மேற்பட்ட வீடுகளை அடுக்கியது அரசுக் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. மேற்கோ 1994-இல் வந்த கைவினைச் சந்தையான தில்லி ஹாட்டைக் காட்டி மீசையை முறுக்கும்.

ஒரே குடும்பப் பெயரில் பங்காளிச் சண்டை என்றால் 1962-இல் ராபர்ட் ஆல்ட்ரிச் எடுத்த ‘வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்?’ படம்தான். புகழ் போன முன்னாள் குழந்தை நட்சத்திரம் ஜேன், சக்கர நாற்காலியில் இருக்கும் அக்கா பிளான்ச்சுக்குச் செத்த எலியைச் சாப்பாடாகப் பரிமாறுகிறாள். நம் சீரியல் நாத்தனார்கள் இன்னும் பாயசத்தில் விஷம் கலப்பதோடு நிற்கிறார்கள்.

அசல் வில்லத்தனம் கேமராவுக்கு வெளியே. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் ஜேனாக நடித்த பெட்டி டேவிஸ். ஜெயித்தவர் ஆன் பான்கிராஃப்ட். அன்று வராத அவர் சார்பில் மேடையேறி விருதை வாங்கிக்கொண்டவர், பிளான்ச்சாக நடித்த ஜோன் கிராஃபோர்ட்!

ஆல்ட்ரிச் பின்னர் எடுத்த இன்னொரு படத்திலிருந்து கிராஃபோர்ட் உடல்நலக் குறைவால் விலக, அந்த வேடத்துக்கு வந்தவர் ஒலிவியா டி ஹாவிலண்ட். பங்காளிச் சண்டைக்கு அவருக்கு ஒத்திகையே வேண்டாம். 1942-இல் அவரோடு போட்டியிட்டு ஆஸ்கரைத் தட்டிச் சென்றவர் சொந்தத் தங்கை ஜோன் ஃபான்டெய்ன்.