தொட்டுக்க என்ன?

எங்கள் வீட்டில் சோற்றால் பட்ஜெட் கவிழ்ந்ததே இல்லை. தமிழ்நாட்டில் யார் வீட்டிலும் கவிழக் கூடாது என்று அரசியல்வாதிகளும் தங்களால் ஆனதைச் செய்து வந்திருக்கிறார்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள். 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011-இல் அந்த ஒரு ரூபாயும் போய் இலவசமாகிவிட்டது. கூடவே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதை வைத்துப் பார்த்தால், பருப்பும் சோறும் சாப்பிடுகிற குடும்பம் மாதக் கடைசியில் மிச்சப் பணத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் முழிக்க வேண்டும். அப்படி முழிக்கிறவர் யாரையும் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. தட்டில் சோறு விழுந்ததும் எல்லா வீட்டிலும் ஒரு குரல் எழும்புகிறதே, "தொட்டுக்க என்ன?" என்று, பணம் போகிற வழி அதுதான்.

என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வேலை விட்டது, பேரேடு விடவில்லை. நீள நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, வீட்டுச் சாப்பாட்டுச் செலவைக் குறைக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. எடுத்த எடுப்பில் என்னை அம்மா உணவகத்தோடு ஒப்பிட்டார்.

"இட்லி ஒரு ரூபா. சாம்பார் சாதம் அஞ்சு ரூபா. தயிர் சாதம் மூணு ரூபா. 2013-ல ஆரம்பிச்சது. அவங்களால முடியுதுல்ல? நம்ம வீட்டு இட்லி என்ன விலை அடங்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கு மாநகராட்சி காசு போடுதுங்க. எனக்கு யார் போடறா?"

இந்தப் பதில் நோட்டில் ஏறவில்லை. மானியத்தை விடுங்கள், அம்மா உணவகத்துக்கு அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. வரிசையில் நின்று தட்டை வாங்குகிறவர், வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். நேற்றும் இதே சாம்பார்தானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார். எனக்கு அப்படி நாலு பேரைக் கொடுங்கள், நானும் இரண்டு ரூபாய்க்கு இட்லி போடுகிறேன்.

திட்டம் பழைய சோற்றில் தொடங்கியது. ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. காஸ் வேண்டாம், மாவு வேண்டாம், தாளிப்பு வேண்டாம். 'செலவு' என்ற கட்டத்தில் பெரிய பூஜ்யம் ஒன்றை ஆசையாகப் போட்டார்.

காலையில் என் மாமியார் கும்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். திருநெல்வேலிக்காரர். எண்பதைத் தாண்டியவர். பால் பாக்கெட்டை வெட்டி அலசி, அந்தத் தண்ணீரையும் காப்பிக்கு ஊற்றுகிறவர். சிக்கனத்தில் அவருக்கு மேல் இந்த வீட்டில் ஆள் கிடையாது.

"எலே, தொட்டுக்கிட என்ன வச்சிருக்க?"

மகன் ஒரு பெரிய வெங்காயத்தை நாலாக நறுக்கி நீட்டினார்.

"பழையதுக்குப் பல்லாரியா? சின்ன உள்ளி இல்லியாக்கும்?"

சின்ன வெங்காயம் வந்தது. சில மாதங்களில் பெரிய வெங்காயத்தைப் போல இரண்டு மடங்கு விலைக்கு நிற்கிற சரக்கு அது. அப்புறம் மோர் மிளகாய். அதைப் பொரிக்க எண்ணெய். அப்புறம் முந்தின நாள் குழம்பைச் சுண்டவைத்து ஒரு கரண்டி. நேற்றைய குழம்பு இன்றைக்கு மிஞ்ச வேண்டுமானால் நேற்றே கூடுதலாக வைத்திருக்க வேண்டும், அதற்கும் சாமான் செலவு உண்டு. என் பையன் எழுந்து வந்து கும்பாவை எட்டிப் பார்த்தான். "எனக்கு மட்டும் ஒரு ஆம்லெட்மா" என்றான். அத்தைக்கு அந்த வாசனையில் கருவாட்டு ஞாபகம் வந்தது. நோட்டிலிருந்த பூஜ்யம் அழியாமல் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

இப்போது சில ஓட்டல்களில் பழைய சோற்றை மண்சட்டியில் ஊற்றி விற்கிறார்கள். ஒரு கடையில் விலைப் பலகையைப் பார்த்து அசந்துபோனேன். கொஞ்ச நேரம் யோசித்த பிறகு புரிந்தது: சோற்றுக்கு அவர் காசு வாங்கவில்லை, சட்டியைச் சுற்றி வைக்கிற குட்டிக் கிண்ணங்களுக்கு வாங்குகிறார். தொழில் தெரிந்த மனிதர்.

வத்தக்குழம்பிலும் இதே கதைதான். காய்கறி இல்லை, பருப்பு இல்லை, தேங்காய் இல்லை; புளி, குழம்புப் பொடி, ஒரு பிடி சுண்டைக்காய் வற்றல். இதைவிட ஏழைக் குழம்பு கிடையாது என்று நினைப்போம். ஆனால் அது நல்லெண்ணெய் மேலே மிதந்தால்தான் வத்தக்குழம்பு, இல்லாவிட்டால் புளித்தண்ணீர். பிறகு சுட்ட அப்பளம். பிறகு பருப்புத் துவையல். "ஒரு உருளைக்கிழங்கு ரோஸ்ட் போட்டிருந்தா அமிர்தமா இருந்திருக்கும்" என்று முடித்தவர் வேறு யார், நோட்டு வைத்திருக்கிறவர்தான்.

காய்கறி வாங்குவதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். திருச்சியில் இருந்துகொண்டு தெருக்கடையில் வாங்குவது பாவம், காந்தி மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். ஸ்கூட்டரில் போய்க் கத்தரிக்காயில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, அந்தப் பத்து ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டு வழியில் பஜ்ஜியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வருவார். சட்டைப் பையில் எண்ணெய்க் காகிதம் இருக்கும். பெட்ரோல், வாகனச் செலவில் சேர்ந்துவிடும். அதற்கு வேறு நோட்டு.

போகாத நாட்களில் லோடு ஆட்டோ வரும். "மூணு கிலோ தக்காளி நூறு ரூபாய், மூணு கிலோ நூறு ரூபாய்" என்று பதிவு செய்த குரல் தெருமுனையில் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய், அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது அவர் மனதில் ஆறாத புண். எனக்கென்னவோ அந்த மாதம் நிம்மதியாகத்தான் போனது. தக்காளி என்ன நம் பாட்டனார் சொத்தா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த காய். புளியும் மிளகும் அதற்கு வெகு காலம் முன்பே நம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தன. புளி ரசம், எலுமிச்சை ரசம், மாங்காய் போட்ட பருப்பு என்று மாற்றி மாற்றி ஓட்டினேன், ஒருவரும் இளைக்கவில்லை.

மலிவாக வந்த மூன்று கிலோவில்தான் சங்கடம். தக்காளி காத்திருக்காது. அடியில் இருப்பது நசுங்க ஆரம்பிப்பதற்குள் ரசம், சட்னி, தக்காளி சாதம், கொத்சு என்று வீடே சிவந்துபோகும். கடைசியில் மிஞ்சியதைத் தொக்காகக் கிண்டுவேன். தொக்கு, எண்ணெய் பிரிந்து வரும்வரை விடாது. தக்காளியில் மிச்சம் பிடித்த பணத்தை நல்லெண்ணெய் குடித்துவிட்டு வெளியே வந்து பளபளக்கும்.

அத்தையின் சிக்கனம் இப்படிப்பட்டதல்ல, அதற்குப் பரம்பரை உண்டு. பருப்பை முன்கூட்டியே ஊறப் போட்டு, வேகவைக்கும்போது ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடச் சொல்வார். சீக்கிரம் வெந்துவிடும், காஸ் மிச்சம். விருந்தாளி வந்துவிட்டால் சாம்பாரில் பரங்கிக்காயைக் குழைய வேகவிட்டு மசித்துவிடுவார். அரைக் கிண்ணப் பருப்பு ஒரு கிண்ணப் பருப்பாக நடிக்கும். ஓட்டல்காரர்களும் செய்கிற வித்தைதான். பீர்க்கங்காய் வாங்கினால் சதையைப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு, தோலை வதக்கித் துவையல். ஒரே காய், கூட்டும் ஆயிற்று, தொட்டுக்கொள்ளவும் ஆயிற்று.

வீட்டுக்காரர் இதில் மயங்கி, துவையலுக்கு நேராக மறுபடி பூஜ்யம் போட்டார். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதவைத்தேன்: தோல் இலவசம்; உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, பெருங்காயம், வதக்க எண்ணெய், இன்றைக்கு விற்கிற விலையில் கால் மூடித் தேங்காய், மிக்ஸிக்குக் கரண்ட். கூட்டிப் பார்த்துவிட்டு, "தோலைக் குப்பையிலயே போட்டிருக்கலாம்" என்றார். அத்தைக்கு மூன்று நாள் கோபம்.

இட்லி மாவின் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். ரேஷன் புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். (சாப்பாட்டுக்குப் பொன்னிதான் வாங்குகிறோம், ரேஷன் அரிசி எங்கள் வீட்டில் இட்லி வழியாகத்தான் உள்ளே வரும். பல வீடுகளில் அப்படித்தான், வெளியில் சொல்ல மாட்டார்கள்.) முதல் நாள் இட்லி. மறுநாள் தோசை. புளிப்பு ஏறினால் ஊத்தப்பம். அதற்கும் மேலே போனால் வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். ஒரே மாவு நாலு வேஷம் கட்டும், எதுவும் வீணாகாது. ஆனால் வேஷத்துக்கு வேஷம் பக்கவாத்தியம் மாற வேண்டும். இட்லிக்குச் சாம்பாரும் சட்னியும். தோசைக்கு அந்தச் சட்னி ஆகாது, கார சட்னி வேண்டும். பணியாரத்துக்குத் தேங்காய்ச் சட்னி. மிளகாய்ப் பொடியை எடுத்து வைத்தால், ஆஸ்பத்திரியில் ரொட்டி கொடுத்ததுபோல் பார்ப்பார்கள்.

இவ்வளவு பட்ட பிறகுதான் வீட்டுக்காரர் ஆராய்ச்சியில் இறங்கினார். தொட்டுக்கொள்ள எதுவுமே கேட்காத சாப்பாடு எது? நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கினார். பொங்கல் என்றார்; கொத்சு வேண்டும் என்றேன். அடை, அவியல், அது இல்லாவிட்டால் வெல்லமும் வெண்ணெயும். எலுமிச்சை சாதம், துவையல், வடாம். தயிர் சாதம்; ஊறுகாய். பிசிபேளாபாத் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். உருளைக்கிழங்கு சிப்ஸ் என்றேன், அவருக்கே தெரியும். உப்புமா? ஊரே கரித்துக்கொட்டுகிற அந்த உப்புமாகூட, தட்டில் விழுந்ததும் சர்க்கரை எங்கே, பழம் எங்கே என்று கேட்கிறது. ஊத்தப்பம் ஒன்றுதான் முதுகிலேயே வெங்காயத்தைச் சுமந்துகொண்டு வருகிறது என்று அதற்கு ஒரு டிக் போட்டார். ராத்திரி பையன் அதற்கும் சட்னி கேட்டான். டிக் அழிக்கப்பட்டது.

"கூட்டாஞ்சோறு ஆக்கலாம்" என்றேன் நான். இரக்கத்தில் சொன்னதுதான்.

மாதக் கடைசிக்கென்றே பிறந்த திருநெல்வேலிச் சாப்பாடு அது. ஃபிரிட்ஜில் மிஞ்சிக் கிடந்த அரை வாழைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், நாலு அவரைக்காய், ஒரு துண்டு மாங்காய், எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. அரிசி இரண்டு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு. தேங்காய், சீரகம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்துவிட்டு, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, கடைசியில் முருங்கைக்கீரை ஒரு பிடி. கீரை பக்கத்து வீட்டு மரம், காசில்லை. உருவுகிற வேலையை நோட்டுக்காரரிடம் கொடுத்தேன். பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நிமிர்வதற்கு முழுசாக ஒரு டி.வி. தொடர் முடிந்திருந்தது. சோறு, குழம்பு, காய், கீரை எல்லாம் ஒரே பானைக்குள். இனி இதைத் தாண்டி ஒருவர் என்ன கேட்டுவிட முடியும்?

எல்லோரும் உட்கார்ந்தோம். பையன் பேசாமல் சாப்பிட்டான், அதுவே ஆச்சரியம். வீட்டுக்காரர் நோட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து, 'தொட்டுக்க' என்ற கட்டத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அத்தை ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி மென்றார்.

"மணமா இருக்குட்டி" என்றார். பிறகு கண்ணைத் திறந்து தட்டைச் சுற்றிலும் பார்த்தார். "ஏட்டி, வடகம் ஒண்ணும் பொரிக்கலியா? வெறுஞ்சோத்தயா திங்கச் சொல்லுத?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"எனக்கும் ரெண்டு" என்றார்.