லண்டன் இல்லை மாமா, லட்லோ

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். நான் லண்டனில் இருப்பதாகத் திருப்பத்தூர் முழுக்கச் சொல்லி வருகிறீர்களாம். தயவுசெய்து நிறுத்துங்கள். இங்கிருந்து லண்டன் போக நடுவில் ரயில் மாறி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது ஷ்ராப்ஷர், வேல்ஸ் எல்லையோரம். ஊர் பெயர் லட்லோ. ஜனம் பத்தாயிரத்துச் சொச்சம். ஒரு கோட்டை, ஒரு பெரிய மாதா கோயில், கீழே டீம் என்று ஒரு ஆறு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டால் ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கும்.

நம்மூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கூட "சம்பளம் எவ்வளவு, ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திட்டே?" என்று கேட்பாரே, அந்தப் பேச்சே இங்கே கிடையாது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்! திங்கட்கிழமைச் சந்தையில் நான் வாங்கிய காலிஃபிளவரைப் பற்றி, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துப் பாட்டி புதன்கிழமை விசாரிக்கிறார். விசாரிப்பு என்றால் கேள்வி இல்லை. "இந்த வாரம் காலிஃபிளவர் நன்றாக இருக்கிறதாம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். நான் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர். பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். எனக்கு நாக்கு எழவில்லை. தொண்டையைக் கனைத்துத்தான் கூப்பிடுகிறேன். தவறான நாளில் குப்பைத் தொட்டியை வெளியே வைத்துவிட்டால் அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சரியான நிறத் தொட்டியைத் தன் வீட்டு வாசலில் எடுப்பாகத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான் ஓடிப்போய் மாற்றுவேன். எங்கள் வீட்டுத் தொட்டி ஒழுங்காகப் போவது இப்படித்தான்.

மனிதர்களிடம் இவ்வளவு விலகி நிற்பவர்கள் கட்டடங்கள் விஷயத்தில் மட்டும் மாமியார்கள். இந்தச் சின்ன ஊரில் ஏறக்குறைய 500 கட்டடங்கள் அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள வீட்டுக்காரர் ஜன்னல் சட்டத்தை மாற்றவே அனுமதி வாங்க வேண்டும். 1619-ல் கட்டிய ஃபெதர்ஸ் ஹோட்டல் முகப்பு முழுக்க மரச்செதுக்கல். நம்மூரில் என்றால் இந்நேரம் இடித்து மூன்று மாடி ஜவுளிக்கடை எழுப்பியிருப்பார்கள்.

அந்த செயின்ட் லாரன்ஸ் மாதா கோயிலைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பாடகர் குழு உட்காரும் பழைய மர இருக்கைகளுக்கு அடியில் 28 சிற்பங்கள். ஒன்றில், அளவு குறைத்து பீர் விற்ற ஒரு பெண்பிள்ளையைப் பிசாசு நரகத்துக்குத் தூக்கிப்போகிறது; அந்த ஏமாற்றுக் குவளையும் அவள் கையிலேயே இருக்கிறது. நம் பால்காரரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

செப்டம்பரில் கோட்டைக்குள் சாப்பாட்டுத் திருவிழா. அதில் சாசேஜ் பரீட்சை! ஊர் ஊராக வந்தவர்கள் கையில் தாளோடு கசாப்புக்கடைக்காரர் ஒவ்வொருவரின் சாசேஜையும் ருசித்து மதிப்பெண் போடுகிறார்கள். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும்போது நீங்கள் வைத்துக்கொள்ளும் அதே முகம்.

இனி நீங்கள் எழுந்து உட்கார வேண்டிய விஷயம். 1502-ல் இளவரசர் ஆர்தர் பதினைந்து வயதில் இறந்தது இந்தக் கோட்டையில்தான். அதனால்தான் தம்பி எட்டாம் ஹென்றி ராஜாவானார், அண்ணியையே கட்டிக்கொண்டார், பிறகு அவளைத் தள்ளிவைக்கப் போப்பாண்டவரோடு சண்டை போட்டார். இது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். தெரியாதது ஒன்று: 1811-ல் இந்தக் கோட்டையை அரசாங்கத்திடமிருந்து 1,560 பவுண்டுக்கு விலைக்கு வாங்கியவர் எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மூத்த மகன். இருபது வருஷம் லட்லோவின் எம்.பி. அப்புறம் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது அவர் ஆட்சியில். 1801 அக்டோபர் 24-ல் நம் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதும் அவர் ஆட்சியில். கோட்டை இன்றைக்கும் அந்தக் குடும்பத்து எஸ்டேட் கையில்தான். நான் டிக்கெட் வாங்கி உள்ளே போய்வந்தேன், மாமா! கப்பம் கட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

பெரியவரிடம் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். கயிற்றைப் பிடித்ததே தான்தான் என்பது போல முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார். பேச்சு மழைக்குத் தாவியது. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கதவைத் தட்டி, நேருக்கு நேராக, "அந்த அண்ணன் தம்பிக்கு உங்கள் ஊரில் நினைவிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். இந்த ஊரில் என்னை ஒருவர் கேட்ட முதல் கேள்வி.

ஆகவே நம்மூர் நினைவிடத்தையும் காளையார்கோவில் சமாதியையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து முன்னால் உங்கள் புல்லட்டை நிறுத்தி எடுக்காதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்