டர்போ டீசல் எஞ்சின் நீடு வாழ: ஒரு நூற்பாவும் அதன் விருத்தியுரையும்

ஓடலின் கெடாஅது; ஓடாமையின் கெடும்;
அணைக்கும் முன்னர்ச் சற்றே பொறுக்க;
எண்ணெய் குறையினும் அஞ்சுக, ஏறினும் அஞ்சுக.

என்பது நூற்பா. இதைப் பழஞ்சுவடிகளில் தேட வேண்டாம், இவ்வுரைக்காகவே இயற்றப்பட்டது. நூலாசிரியனும் உரையாசிரியனும் ஒருவனாகவே இருப்பதில் ஒரு வசதி, பாடபேதச் சண்டை வராது.

'ஓடாமையின் கெடும்' என்றது என்னை? எந்த இயந்திரமும் ஓடித்தானே தேயும் எனின், அற்றன்று. டீசல் எஞ்சினின் பிறப்பை நோக்குக. 1893இல் ருடால்ஃப் டீசல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். வீணாய்ப் போகும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று 1905இல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி. அந்த டர்போ முதலில் வேலைக்குச் சேர்ந்தவற்றுள் கப்பலும் உண்டு. ஆக இது நாள் முழுக்கப் பாரம் இழுக்கும் குலத்தில் பிறந்தது. மாம்பலத்திலிருந்து பாண்டி பஜாருக்குப் போய் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வரவும் இது உதவும் என்று அவ்விருவருள் எவரும் எழுதி வைக்கவில்லை.

இனி மாற்றார் கொள்கை. வண்டியை வெயில் படாமல் கவர் போட்டு மூடி, ஞாயிறுதோறும் வாசலிலேயே ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் ஸ்லோவில் விட்டு, துடைத்து, மறுபடி மூடி வைத்தால் ஆயுள் கூடும் என்பாரும் உளர். பொத்திப் பொத்தி வைப்பதால் இவர்களைப் பொத்தல்வாதிகள் என்க. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். கிலோமீட்டர் ஏறாததை ஒரு சாதனையாகச் சொல்வார்கள். அவர்கள் கூற்று பொருந்தாமை அறிக. டீசல் எஞ்சின் சும்மா நின்று உறுமினால் எளிதில் சூடேறாது. அரைச் சூட்டில் எரிபொருள் அரைகுறையாக எரியும், கரி மிகும். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே ஊட்டும் ஈஜிஆர் என்னும் வால்வு வழியே அந்தக் கரி போய், எண்ணெய் ஆவியோடு கலந்து, காற்று நுழையும் குழாயில் தார் போலப் படியும். டர்போவுக்குள் புகையின் போக்கைத் திருப்பும் சின்னச் சின்னத் தகடுகளும் அக்கரியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேம்பாலம் ஏறும்போது "பிக்கப்பே இல்லையே" என்று வருந்துவார்கள். வருடக்கணக்கில் ஊட்டி வளர்த்த நோய் அது.

இவ்விடத்தில் 2020 ஏப்ரல் 1ஐக் குறிப்பது கடமை. அன்றுமுதல் நாடெங்கும் பிஎஸ் 6 என்னும் புகைமாசு விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கு இருந்தது 10 ஆனது. டீசல் கார்களின் புகைவழியில் டிபிஎஃப் என்னும் கரிவடிகட்டியும் குடியேறியது. இதன் இயல்பை விளக்கக் காபி ஃபில்டர் ஒன்றே போதும். ஃபில்டரின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? அதை அடுப்புத் தணலில் காட்டி, அடைத்த தூளை எரித்துவிடுவார்கள். டிபிஎஃப்பும் அப்படியே. சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரிச் சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர, சிக்னல் தொல்லையற்ற சாலையில் அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் கால் மணி, இருபது நிமிடம் ஓடியாக வேண்டும். உஸ்மான் சாலையில் இது நடவாது. எனவே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

விளக்கு எரிந்த வீட்டில் நிகழ்வன தனி ஆய்வுக்கு உரியவை. பல மாதமாக "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிய மேல்மருவத்தூர்ப் பயணத்தைக் குடும்பத் தலைவர் திடீரென்று அறிவிப்பார். வீட்டம்மாவுக்கு வியப்பு, மாமியாருக்கு ஆனந்தம். தாம்பரம் தாண்டியதும் வண்டி நான்காம் கியரிலேயே சீறும், "ஏன் இப்படி இரையுது?" என்று கேட்டால் விடை வராது. செங்கல்பட்டுக்குள் விளக்கு அணைந்துவிட்டால், தலைவர் முகத்தில் தோன்றும் சாந்தத்தைக் கோயில் நெருங்கியதன் விளைவு என்று மற்றவர்கள் கொள்வர். பக்தி முந்தியதா, விளக்கு முந்தியதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. பலன் இரண்டுக்கும் உண்டு என்பது என் துணிபு.

'ஏறினும் அஞ்சுக' என்றது யாதோ எனின், இந்நூற்பாவின் உயிர்நாடி அதுவே. எண்ணெய் குறைவது பழைய நோய்; அதை ஊரறியும். ஏறுவது புதியது. கரியை எரிக்கும் சூட்டுக்காகப் பல வண்டிகளில் எஞ்சின் கணினி டீசலைக் கொஞ்சம் கூடுதலாக, பிந்திய நேரத்தில் சிலிண்டருக்குள் பீய்ச்சும். அதில் ஒரு துளி சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். இருபது நிமிட ஓட்டத்தைப் பாதியில் முறித்துத் தேநீர்க் கடையில் வண்டியை அணைப்பவருக்கு இது அடிக்கடி நேரும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். பொத்தல்வாதி இதைக் கண்டு, "ஆயில் குடிக்கவே இல்லை, தங்கமான எஞ்சின்" என்று பூரிப்பார். டீசல் கலந்து நீர்த்த ஆயில் அது. அதன் மேல்தான் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. கையேடு சொன்ன கிலோமீட்டர் வரவில்லை என்று காத்திராமல் ஆயிலை மாற்றுவதே நெறி. அதிலும், சாம்பல் குறைந்த வகை என்று கையேடு சொல்லியிருந்தால் அதையேதான் ஊற்ற வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. வடிகட்டியில் தங்கினால் தங்கியதுதான்.

'சற்றே பொறுக்க' என்பதற்கு வருவோம். மேட்டில் பாரத்தோடு ஏறி வந்த டீசல் எஞ்சினின் புகை 700 டிகிரியைத் தொடும். அந்த நிலையில் சாவியைத் திருப்பி அணைத்தால் ஆயில் பாய்வது நிற்கும். டர்போவின் தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் கருகிக் கட்டியாகும். ஆதலின் ஒரு நிமிடம் ஸ்லோவில் விடுக. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு? விக்கிரவாண்டி ஓட்டல் வாசலில், பின்சீட்டில் ஒரு குழந்தை கால்களைப் பின்னிக்கொண்டு "அப்பா, அவசரம்" என்னும்போது அது நெடிது. சீட்டிலேயே சாய்ந்து ஏசிக் காற்றில் கண்ணயர்ந்த மாப்பிள்ளைக்கு அதுவே பத்து நிமிடம். முன்னது டர்போவைக் கெடுக்கும்; பின்னது மேலே சொன்ன கரியைச் சேர்க்கும். தெருமுனையிலிருந்தே மெதுநடையில் ஊர்ந்து வந்து வீட்டில் நிறுத்துபவர் பொறுக்க வேண்டியதே இல்லை. கடைசித் தெருவிலேயே டர்போ ஆறிவிட்டது. ஆயினும் அவர்தான் காம்பவுண்டுக்குள் நெடுநேரம் உறுமவிட்டு, மாடிவீட்டாரின் வசையை வாங்குவார்.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீர் ஆகியவை உரை வேண்டாமலே விளங்குவன. ஒன்று மட்டும். இன்ஜெக்டரின் துளை தலைமுடியை விடச் சற்றே பெரிது; அதன் வழியே ஆயிரத்தைந்நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் பாய்கிறது. ஃபில்டர் விலையில் சிக்கனம் பிடிப்பவர் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அன்றியும், "டர்போ போயிடுச்சு சார்" என்ற தீர்ப்பு வந்தால், புது டர்போ வாங்குமுன் அதற்கு ஆயில் வரும் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்க. குழாய் அடைத்திருந்தால் புதியதும் பழையதன் வழியே போகும். இதைச் சொல்லாத பட்டறையும் உண்டு, சொல்லியும் கேளாத உரிமையாளரும் உண்டு.

எஞ்சிய ஐயம் ஒன்றே. விளக்கை அணைக்கப் போன பயணத்தில் பரனூர்ச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாகிலிருந்து போன பணத்தை வண்டிச் செலவில் எழுதுவதா, கோயில் செலவில் எழுதுவதா? வீட்டுக் கணக்கு நோட்டு வைத்திருப்பவர் மேல்மருவத்தூர் பக்கத்தில் எழுதியிருக்கிறார். தலைவர் மறுக்கவில்லை, அடுத்த மாதம் விளக்கு எரியும்போது திருவண்ணாமலை என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறார்.