பூச்சிக்குக் கட்டிய விடுதி

வெலிங்டன்,
நியூசிலாந்து.

அன்புள்ள மதினிக்கு,

கங்காருவோடு நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறீர்கள். கங்காரு ஆஸ்திரேலியா, மதினி. நான் இருப்பது நியூசிலாந்து, நடுவில் பெரிய கடல் கிடக்கிறது. இந்த ஊர்க்காரர்களிடம் கங்காரு என்று வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வௌவாலை விட்டால், நிலத்தில் வாழும் பாலூட்டி ஒன்றுகூட இந்த நாட்டுக்குச் சொந்தமில்லை. எலி, முயல், மான், ஆடு, மாடு எல்லாம் மனிதர்களோடு தோணியிலும் கப்பலிலும் ஏறி வந்தவை. அதற்கு முன்னால் எலியின் உத்தியோகத்தை, அதாவது ராத்திரி வெளியே வந்து இலை, பழம், விதை என்று கொறிக்கிற வேலையை, ஒரு பூச்சி பார்த்துவந்தது. பெயர் வேட்டா. வெட்டுக்கிளிக்கும் சில்வண்டுக்கும் சொந்தம். ஆனால் இறக்கை கிடையாது. பழுப்பு உடம்பு, முள் வைத்த பின்னங்கால், உடம்பைவிட நீளமான மீசை. காது மட்டும் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே இருக்கிறது. நம்மூர்ப் பெரிய மனிதர்கள் சிலருக்கும் அங்கேதான் இருக்க வேண்டும், காலில் விழுந்து சொன்னால்தானே கேட்கிறது!

இதை நான் முதலில் பார்த்தது என் மழைக்கால ரப்பர் பூட்ஸுக்குள். ஈரமும் இருட்டும் அதற்குப் பிடிக்குமாம். பின்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, கர்ர் கர்ர் என்று வயிற்றில் தேய்த்துக் காட்டியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடிவந்தார். வாரியலோடு வருவார் என்று பார்த்தால், கையால் மெதுவாக ஏந்தி, "பாவம், பயந்துவிட்டது" என்று அதைச் சமாதானப்படுத்தினார். என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. வாலில் ஊசி இருக்கிறதே என்று காட்டினேன். அது பெண் வேட்டா மண்ணைத் துளைத்து முட்டையிடுகிற குழலாம், கொட்டுகிற கொடுக்கு இல்லையாம். கடித்தால் கொஞ்சம் வலிக்கும், விஷம் கிடையாது.

எங்கள் பக்கம் இருப்பது மர வேட்டா. பெயருக்கேற்ற மாதிரி மரப்பொந்தில் குடித்தனம். ஆணுக்குத் தலை பெருத்து, தாடை இடுக்கி மாதிரி நீண்டிருக்கும். ஒரு பொந்தில் ஒரு ஆணும், பத்துப் பெண்கள் வரைக்கும் இருப்பதுண்டு. (அண்ணனிடம் இந்த வரியை வாசித்துக் காட்ட வேண்டாம்.) வேறொரு ஆண் வந்தால் தாடையை விரித்துச் சண்டை. இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லா ஆணுக்கும் தலை பெருப்பதில்லை. சிலது இரண்டு சட்டை குறைவாக உரித்து, சின்னத் தலையோடு சீக்கிரமே வயதுக்கு வந்துவிடும். பெருந்தலை நுழைய முடியாத குறுகிய பொந்துக்குள் இந்தச் சின்னத்தலை சண்டை சச்சரவில்லாமல் புகுந்து குடும்பம் நடத்திவிடுகிறது. தலைக்கனம் எங்கெல்லாம் இடிக்கிறது பாருங்கள்.

மரப்பொந்து போதவில்லை என்று இந்த ஊர்ஜனங்கள் கட்டையைக் குடைந்து, எலி நுழையாத அளவுக்கு வாசல் வைத்து, தோட்டத்து மரத்தில் கட்டிவிடுகிறார்கள். அதற்கு வேட்டா விடுதி என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று திறந்து பார்க்கக் கதவும் உண்டு. வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது, முந்தின வீட்டுக்காரர் சான்றிதழ் கேட்பதில்லை. வெலிங்டனில் வீடு தேடி நான் அலைந்த அலைச்சலுக்கு அந்த விடுதியைப் பார்த்ததும் வயிறெரிந்தது.

இதெல்லாம் சின்னது. ஆக்லாந்துக்கு வடக்கே ஹவுடூரு என்ற தீவில் வேட்டாபுங்கா என்று ஒரு ராட்சச வேட்டா உண்டு. சாதாரணமாக 35 கிராமுக்குள் நிற்கும். வயிறு நிறைய முட்டையோடு அடைப்பில் இருந்த ஒன்று 71 கிராம் இருந்ததாகக் கணக்கு. சமையலறைத் தராசில் அவ்வளவு வெல்லத்தை வைத்து, அதற்கு ஆறு கால் முளைத்ததாக நினைத்துப் பாருங்கள்.

மஹோயெனுயி கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலிக்கு ஆகும் என்று வெள்ளைக்காரர் கொண்டுவந்த கோர்ஸ் என்ற முட்செடி இங்கே மலைமலையாகப் பரவிக் கிடக்கிறது. நமக்குச் சீமைக்கருவேலம் எப்படியோ அப்படி. அதை வெட்டாத, எரிக்காத, மருந்தடிக்காத விவசாயி இல்லை. 1962இல் மஹோயெனுயி என்ற இடத்தில் ஒருவகை ராட்சச வேட்டா இருப்பது தெரியவந்தது. பிற்பாடு பார்த்தால் அதன் பெருங்கூட்டம் பிழைத்துக் கிடந்தது இந்தக் கோர்ஸ் புதருக்குள்! முள்ளுக்குப் பயந்து எலி உள்ளே போகாது. காட்டாடுகள் நுனியை மேய மேய, புதர் இன்னும் அடர்த்தியாகிறது. ஆகவே அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கிப் பூச்சிக்கென்று ஒதுக்கிவிட்டது. மற்ற காட்டில் ஆட்டைச் சுடுகிற அதே இலாகா இங்கே ஆட்டை மேயவிடுகிறது. நாடு முழுக்க ஒழிக்கிற களையை இங்கே காவல் காக்கிறது. எல்லாம் ஒரு பூச்சிக்காக. நம் தாத்தா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எனக்கென்னவோ இது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

எலி பாடுதான் திண்டாட்டம். 2050க்குள் எலி, ஸ்டோட், போஸம் என்ற மூன்று வந்தேறிப் பிராணிகளையும் நாட்டைவிட்டே துடைத்துவிடுவது என்று 2016இல் அறிவித்திருக்கிறார்கள். வெலிங்டனில் வீட்டுக்கு வீடு பொறி. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்கு அரக்கர்களைச் செய்து கொடுத்த வேட்டா பட்டறை இருக்கிற மிராமர் பக்கம் எலியே ஒழிந்துவிட்டதாக 2023இல் சொன்னார்கள். அந்தப் பட்டறைக்குப் பெயரே இந்தப் பூச்சியுடையதுதான். இங்கே நம்மவர்கள் குறிஞ்சிக் குமரனுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். மயில்வாகனன், ஆகவே தொந்தரவில்லை. அவருடைய அண்ணன் பிள்ளையார் தம் வாகனத்தில் வந்து இறங்கினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

குளிர் எப்படி என்று கேட்டீர்கள். தென்தீவு மலைகளில் கல்லுக்கடியில் ஒரு வேட்டா இருக்கிறது. பனிக்காலத்தில் உடம்புத் தண்ணீரில் நூற்றுக்கு 82 பங்கு வரை உறைந்துபோகும். மைனஸ் 10 டிகிரியையும் தாங்கும். வெயில் வந்ததும் உருகி எழுந்து நடக்கும். எங்கள் வாடகை வீடும் பழைய பலகை வீடு, காற்று உள்ளே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறது. காலையில் நான் எழுந்திருப்பதும் ஏறக்குறைய அந்த முறையில்தான்.

அம்மா இங்கே வரும்போது நீங்கள்தான் பெட்டி கட்டுவீர்கள் என்பதால் ஒரு முக்கியமான விஷயம். அரிசி, பருப்பு, விதை எதுவும் வேண்டாம். நம் பக்கத்துக் காப்ரா வண்டு தானியத்தோடு வந்து இறங்கிவிடுமோ என்று இவர்களுக்குக் கிலி. நாட்டுக்குள் நுழைய நிரப்பும் படிவத்தில் தின்கிற பொருள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் தண்டம். அம்மா சுருக்குப் பையில் திருஷ்டிக்கென்று கடுகும் மிளகாய் வற்றலும் முடிந்து வைத்திருப்பாள், அதை எடுத்துவிடுங்கள். வேட்டா விஷயம் அவளுக்கு இப்போது தெரிய வேண்டாம். செருப்பைத் தட்டிப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். ஏன் என்று கேட்டால் தேள் என்று சொல்லுங்கள். தேளுக்கு அவள் பயப்பட மாட்டாள்.

இப்படிக்கு,
அன்புக் கொழுந்தன்